கோலாலம்பூரில் ஓர் அடுப்பு

குரு போனை நீட்டியபோது அவன் முகமெல்லாம் சிரிப்பு.

“பாருங்கண்ணி, எடுத்தா இப்படி எடுக்கணும். ஹோட்டல் ரூமுன்னா தீப்பெட்டியாட்டம் இருக்கும். இது முழு வூடு. ஹாலு, பெட்ரூமு, பால்கனி எல்லாம் இருக்குது. ஊருக்கு நடுவுல. ரயிலுக்கு நடந்தே போயிடலாம்.”

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சுகுணா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். மெத்தை, சோபா, ஜன்னலுக்கு வெளியே உயரமான கட்டடங்கள். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் கடைசிப் படத்தில் நின்றாள். பளபளவென்று ஒரு சமையலறை.

“கேஸ் அடுப்பு, குக்கரு, மிக்ஸி, பெரிய பிரிட்ஜு. உங்களுக்கு ஒரு கொறையும் வராதுங்கண்ணி. அரிசி, பருப்பு மட்டும் இங்கிருந்து கட்டிக்கிட்டாப் போதும். புக் பண்ணிட்டன்” என்றான் குரு.

அதியமான்கோட்டையில் பைபாஸை ஒட்டி இருந்தது அவர்கள் மெஸ். கல்லாவில் சுகுணாவின் கணவன் தமிழ்மணி. சரக்கு வாங்குவதும் ஆள் பார்ப்பதும் அவன் தம்பி குரு. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அடுப்படி சுகுணாவுடையது. அவளுக்குக் கூடமாட உதவ குருவின் மனைவி கோகிலவாணி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர அந்த அடுப்பு அணைந்ததில்லை. மகள் தேவிப்பிரியா காலேஜ் முடித்ததும், ஒரு தடவையாவது குடும்பத்தோடு வெளிநாடு பார்த்துவிட்டு வரலாம் என்று மலேசியா முடிவானது.

அந்தப் பேச்சு வந்த அன்றைக்கே ஆளுக்கொரு ஆசை சொன்னார்கள். தமிழ்மணிக்குப் பத்துமலை முருகன். குருவுக்கு இரட்டைக் கோபுரம். சுகுணா சொன்னது ஒன்றே ஒன்று. “எங்க தங்கினாலும் சரி. காலையில எழுந்தா டிபன் அவங்களே குடுக்கற எடமாப் பாருங்க. நான் அடுப்பு மூஞ்சியில முழிக்கக் கூடாது.” எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்மணி, “சரி, அப்படியே பாத்துக்கலாம்” என்று தலையாட்டவும் செய்தான்.

இப்போது அவள் அவனைப் பார்த்தாள். “ஏங்க, நான் என்ன சொன்னன், இவர் என்ன எடுத்திருக்கறாரு?”

தமிழ்மணி கல்லாவில் சில்லறையைத் தள்ளி மூடினான். “அந்த ஊர்ச் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது சுகுணா. பாலக்கோட்டுல குருவோட சிநேகிதன் போயிட்டு வந்து வயித்தால போயிக் கெடந்தான். நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஆக்கறது ஒரு வேலையா? இங்க தெனம் எத்தனை பேருக்கு ஆக்கற!”

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். சுகுணாவுக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது.

“இங்க நீங்க மொதலாளி, நான் மாஸ்டரு. அங்கயும் அதே வேலைக்குத்தான் எனக்குப் பாஸ்போர்ட் எடுத்தீங்களா?”

“கத்தாத. ரோட்டுல போறவன் நின்னு பாக்கறான்.”

“பாக்கட்டும். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் கேட்டுத் தலையாட்டிட்டு, எனக்குத் தெரியாம அடுப்போட வூடு புடிச்சிருக்கறீங்க. கேட்டது காதுல விழலைன்னாக்கூட மன்னிச்சுருவன். விழுந்துதே!”

குரு குறுக்கே வந்தான். “அண்ணி, கேன்சல் பண்ணா ஒரு பைசா வராதுங்க.”

“அவ்வளவு கோவம்னா நீ மலேசியாவுக்கு வர வேணாம், வூட்டுலயே இரு” என்றான் தமிழ்மணி.

“ஊருக்கு நான் வருவன். நாளைக்குக் காலையில அடுப்படிக்குத்தான் வர மாட்டன்.”

அது வாய்ப்பேச்சு என்றுதான் அண்ணனும் தம்பியும் நினைத்தார்கள்.

மறுநாள் விடிந்தது. மெஸ்ஸுக்குப் பின்னாலேயே வீடு. சுகுணா எழுந்து குளித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தாள். படிக்கவில்லை. எழுத்து எதுவும் கண்ணில் நிற்கவில்லை. அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. குருவின் அதட்டல் கேட்டது. அடிப்பிடித்த ரவையின் வாசனை வந்தது. கை பரபரத்தது. எழுந்து போய்ச் சரிசெய்துவிடலாம் என்று அந்தக் கை தானாக நினைத்ததே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வெளியே யாரோ டிபன் கேட்டார்கள். தமிழ்மணியின் குரல் கேட்டது. “வூட்டுல ஒடம்பு சரியில்லைங்க. இன்னைக்கு உப்புமா மட்டுந்தான்.”

சுகுணா பேப்பரைத் தூக்கி எறிந்தாள். நேராக முன்பக்கம் போய், சாப்பிட வருகிறவர்கள் உட்காரும் மேசையில் உட்கார்ந்தாள். எதிரே வாடிக்கையாக வரும் லாரி டிரைவர் மாயவன்.

“எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. நல்லாத்தான் இருக்கறன்” என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. “மலேசியாவுக்குப் போறமுங்க. அங்கயும் என்னைத்தான் ஆக்கிப்போடச் சொல்றாங்க. அதனால இங்க ஆக்கலை.”

மாயவன் தமிழ்மணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உப்புமாவைப் பார்த்தார். “நான் தொப்பூர் தாண்டிச் சாப்ட்டுக்கறன்மா” என்று எழுந்து போனார். அவர் பின்னாலேயே இன்னும் சிலர் எழுந்தார்கள்.

“மானத்தை வாங்கறியா?” என்று தமிழ்மணி கல்லாவை விட்டு எழுந்தான்.

“பொய் சொன்னது நீங்க. சீக்குக்காரின்னு சொல்லிட்டீங்க. கோவக்காரின்னு சொல்ல வாய் வரலை, இல்ல?”

அவள் கல்லா ஓரம் நின்ற மகள் பக்கம் திரும்பினாள். “தேவி, அந்த வூட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ஹோட்டலு பாரு. காலை டிபனோட. நம்ம ரெண்டு பேருக்கு.”

“பணம்?” என்றான் தமிழ்மணி.

“கல்லாவுல கெடக்கறது என் ஒழைப்புந்தான்.”

தேவிப்பிரியா அப்பாவைப் பார்க்காமல் போனைத் தடவ ஆரம்பித்தாள். அடுப்படியிலிருந்து குரு கூப்பிட்டான். “கோகிலா, வந்து தோசையாவது ஊத்து. ஆளுங்க போறாங்க பாரு!”

கோகிலவாணி கரண்டியோடு வாசலில் நின்றாள். நேற்றிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஓரகத்தி என்ன நினைக்கிறாள் என்று சுகுணாவும் கேட்கவில்லை. அவளும் புருஷன் பக்கம்தான் என்று நினைத்திருந்தாள்.

“தேவி,” என்றாள் கோகிலவாணி, “மூணு பேரு படுக்கற ரூமாப் பாரும்மா.” கரண்டியைக் கணவனின் கையில் கொடுத்துவிட்டு வந்து சுகுணாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அக்கா, நீங்க வராட்டி அந்த அடுப்பு என் தலையிலதான விழும்?”

சுகுணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா என்று தன் மேலேயும் கோபம் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படித்தான் போய் வந்தார்கள். விமானத்தில் தமிழ்மணி அவளோடு பேசவில்லை. ஹோட்டலில் பெண்கள் மூவர். எதிர்த் தெருவில், எல்லா வசதியும் உள்ள வீட்டில், அண்ணனும் தம்பியும். பகலில் சேர்ந்து சுற்றினார்கள். பத்துமலைப் படியேறும்போது தமிழ்மணிதான் முதலில் பேசினான். அந்த வீட்டில் காலையில் ரொட்டியும் பாலும்தானாம். சுகுணா, “ம்” என்றாள். அடுத்த படியில் கால் வைத்தாள்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள், கல்லாவில் உட்கார்ந்து தமிழ்மணி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். “தெனம் அடுப்படியில கெடக்கறாங்களே, நாலு நாளாவது நிம்மதியா இருக்கட்டும்னு லேடீஸுக்கு மட்டும் தனியா நல்ல ஹோட்டலா எடுத்துக் குடுத்தங்க.”

குழம்பு வாளியோடு வந்த சுகுணா அப்படியே நின்றாள். வாளியை மேசை மேல் தொம்மென்று வைத்தாள்.

“யாருங்க எடுத்துக் குடுத்தது?”

தமிழ்மணி சில்லறையை எண்ண ஆரம்பித்தான். வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சொல்லுங்க” என்றாள் சுகுணா. “அவரு காத்திருக்கறாரு.”