எந்த டொமினிக்?

எங்கள் ஊரில் ஓர் ஆளின் பெயரைச் சொன்னால் அரைவாசிதான் சொன்ன மாதிரி. "யோசேப்பைக் கண்டனான்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே "எந்த யோசேப்?" என்று கேட்பார்கள். ஐஸ் விக்கிற யோசேப்பா, மாடு முட்டின யோசேப்பா? மாடு முட்டி இருபது வருடம் ஆகியிருக்கும், அந்த மாடும் செத்துப் போயிருக்கும், மனிதர் மட்டும் சாகும்வரை மாடு முட்டின யோசேப்தான். திருகோணமலையில் இதற்கு யாரும் கோபிப்பதில்லை. கோபித்தால் அதையும் பெயரோடு சேர்த்துவிடுவார்கள்.

இந்த வழக்கத்தை வைத்தே ஆங்கில இலக்கணம் படிப்பிக்கலாம் என்று எனக்கு யோசனை வந்தது 1962ஆம் ஆண்டில். வந்த யோசனையை நினைத்து இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன். என் பெயர் இன்பமலர். அப்போது வயது முப்பத்திரண்டு. துறைமுகக் கந்தோரில் சுருக்கெழுத்து, தட்டெழுத்து வேலை. திங்களும் புதனும் பின்னேரம் ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுத்தேன்.

சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்து ஆறு வருடம் கழிந்திருந்தது. ஆனால் வெளிநாட்டுக் கப்பல்காரன் எங்கள் சட்டத்தை வாசித்துவிட்டு வருவதில்லை. அவன் ஆங்கிலத்தில்தான் கத்துவான். ஆகவே கப்பலுக்கு வழிகாட்டியை ஏற்றிப் போகும் பைலட் படகை ஓட்ட ஆள் எடுத்தபோது, நேர்முகப் பரீட்சை ஆங்கிலத்தில் என்று அறிவித்தார்கள். இரண்டே இடம். வயதெல்லை நாற்பத்தைந்து.

டொமினிக் அண்ணைக்கு வருகிற தை மாதம் நாற்பத்தாறு. இந்த முறை தவறினால் அவருக்குக் கடலில் வேலை இல்லை. ஒரு காலத்தில் மூதூருக்கு ஆள் ஏற்றும் லோஞ்சுப் படகு ஓட்டியவர், ஒன்பது வருடமாகக் கப்பல்களின் அடிப்பக்கத்தில் துருச் சுரண்டிக்கொண்டிருந்தார். வகுப்புக்கு முதல் ஆளாக வந்து முன் வாங்கில் இருப்பார். துரு படிந்த நகங்களை மேசைக்குக் கீழே மறைத்துக்கொள்வார்.

அன்றைக்கும் முந்தின வகுப்பில் தொடங்கிய 'ஹூ' பாடம்தான். தமிழில் செய்தது முன்னுக்கு வரும், ஆள் பின்னுக்கு வருவார். ஆங்கிலத்தில் ஆள் முன்னுக்கு. அவருக்குப் பின்னால் 'ஹூ' என்று ஒரு கொளுக்கி. அந்தக் கொளுக்கியில் அவர் செய்ததைத் தொங்கவிட வேண்டும். இப்படித் திரும்பவும் சொல்லிவிட்டு ஊரார் பெயர்களைப் பலகையில் எழுதத் தொடங்கினேன். ஐஸ் விக்கிற யோசேப். சிங்கப்பூரிலிருந்து வந்த பாக்கியரத்தினம். தொலைந்துபோன ஆட்டுக்கு எதிராகவே பொலிசில் முறைப்பாடு கொடுத்த அபூதாஹிர். கடைசிப் பெயருக்கு, அபூதாஹிரின் பக்கத்து வீட்டுக்காரரான கலீலுர் றஹ்மான் கதிரையிலிருந்து விழப் பார்த்தார். வகுப்பு களைகட்டிவிட்டது.

"இன்னுமொண்டு எழுதுங்கோ மிஸ்," என்றாள் தொலைபேசி நிலையத்தில் வேலை தேடிக்கொண்டிருந்த சீலா.

என் கை தன்பாட்டில் எழுதியது. "த மான் ஹூ கப்சைஸ்ட் த லோஞ்ச் இஸ் டொமினிக்."

லோஞ்சு கவிழ்த்த டொமினிக். ஊர் முழுக்கச் சொல்லும் பெயர். தபாற்காரன்கூட அப்படித்தான் விசாரிப்பான். கவிழ்ப்பதற்குச் சரியான ஆங்கில வினை கைக்கு வந்த பெருமையில் நான் வேறொன்றையும் யோசிக்கவில்லை. "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கோ," என்றேன்.

எட்டுப் பேரும் சேர்ந்து சொன்னார்கள். பழக்கதோஷத்தில் டொமினிக் அண்ணையும் தொடங்கினார். பாதியில் அவர் குரல் நின்றது. மற்ற ஏழு குரலும் வசனத்தை முடித்துவிட்டன. தமிழில் இத்தனை வருடம் ஒருவர் காதிலும் ஏறாத விஷயம், ஆங்கிலத்தில் சொன்னதும் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. கலீலுர் றஹ்மான் தலை குனிந்துகொண்டார். டொமினிக் அண்ணை எழும்பி, "நான் வாறன் மிஸ்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். நேர்முகத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் என்னைத் திட்டலாம். கவிழ்ந்த அந்த லோஞ்சில் நானும் இருந்தேன்.

1953, கார்த்திகை மாதம். மூதூர் இறங்குதுறையில் லோஞ்சு நின்றது. காற்று மாறியிருந்தது. அடங்கட்டும், பிறகு போவோம் என்றார் டொமினிக் அண்ணை. ஏறியிருந்த நாங்கள் விடவில்லை. ஒருவருக்குக் கோட்டில் வழக்கு, ஒருவருக்கு ரயில். எனக்கு இரண்டு மணிக்குத் திருகோணமலையில் தட்டெழுத்துச் சோதினை. எல்லாரையும் விட உரத்துக் கத்தியது நான்தான். "பயமெண்டால் சுக்கானை வேற ஆரிட்டயும் குடுங்கோ!" இதையும் சொன்னேன். அவர் எஞ்சினை ஓட்டினார்.

கொட்டியாரக் குடாவின் நடுவில் ஓர் அலைக்கு விலத்தித் திருப்பும்போது லோஞ்சு கவிழ்ந்தது. என்னைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கி எடுத்தவர் டொமினிக் அண்ணை. பதின்மூன்று பேரைக் காப்பாற்ற முடிந்தது. ஒரு பெண்ணை மட்டும் முடியவில்லை. விசாரணையில் விபத்து என்று எழுதி முடித்தார்கள். எங்கள் அவசரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் வாய் திறக்கவில்லை. அவரும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. லோஞ்சு முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார், ஊர் அவருக்குப் பெயர் வைத்தது. அந்தப் பெயரை நானும் கூசாமல் சொல்லித் திரிந்தேன். பலகையிலும் எழுதினேன்.

வகுப்பு கலைந்தபின் வீட்டுப்பாடக் கொப்பிகளைத் திருத்தினேன். 'ஹூ' வைத்து ஐந்து வசனம் எழுதிவரச் சொல்லியிருந்தேன். டொமினிக் அண்ணையின் கொப்பி, வகுப்புத் தொடங்க முன்னமே மேசையில் வைத்தது, அடியில் கிடந்தது. முதல் வசனம்: இறந்துபோன பெண் அசனா. இரண்டாவது: நீந்தத் தெரியாத பெண் அசனா. மூன்றாவது: ஆஸ்பத்திரியில் இருந்த பிள்ளையைப் பார்க்கப் போன பெண் அசனா. நான்காவது: காத்திருந்த பிள்ளைக்கு நான்கு வயது. ஐந்தாவது: காத்திருந்த பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று வயது.

அவளோடு ஒரே லோஞ்சில் வந்தவள் நான். அவள் பெயரை அன்றுதான் அறிந்தேன். திருத்துவதற்கு அந்தக் கொப்பியில் ஒரு பிழையும் இருக்கவில்லை. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு வெட்கத்தில் அழுதேன்.

அடுத்த நாள் பஸ் எடுத்து உப்புவெளிக்குப் போனேன். டொமினிக் அண்ணை வீட்டு வாசலில் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை எடுத்துப் போட்டார்.

"அண்ணை, நேற்று நான் பெரிய பிழை விட்டுட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"இலக்கணப் பிழையோ மிஸ்?"

"இலக்கணம் சரி. நான்தான் பிழை."

அவர் சிரித்தார். "அந்தப் பேர் எனக்குப் புதிசில்லையே. ஆனா எல்லாரும் சேர்ந்து சத்தமாச் சொல்லேக்க, நேர்முகத்திலயும் இதைத்தான் கேப்பினம் எண்டு விளங்கிச்சு. அந்தப் பெரியாக்களுக்கு முன்னால நிண்டு என்னால ஏலாது மிஸ். நான் போகேல்லை."

"போகத்தான் வேணும். கேட்டால் சொல்ல நான் ஒரு வசனம் தாறன்." கையோடு கொண்டுபோயிருந்த அவருடைய கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதினேன்: கூடாத காலநிலையில் லோஞ்சு இழக்கப்பட்டது.

அவர் இரண்டு தரம் வாசித்தார். "இதில ஆளைக் காணேல்லையே?"

"அதுக்குத்தான் அண்ணை."

"இங்கிலீசில இப்பிடியும் சொல்லலாமோ?"

"கந்தோரில நான் அடிக்கிற கடிதம் முழுக்க இப்பிடித்தான். ஆரும் ஒண்டும் செய்திருக்க மாட்டினம். எல்லாம் தன்பாட்டில நடந்திருக்கும்."

யோசித்து யோசித்துக் கடைசியில் ஓம் என்றார். மிச்ச நாட்கள் வகுப்புக்கு வந்தார். அந்த வசனத்தை ஐம்பது தரமாவது என்னிடம் ஒப்புவித்திருப்பார்.

நேர்முகம் எங்கள் கந்தோரின் மேல்மாடியில் நடந்தது. கேள்வி கேட்கக் கொழும்பிலிருந்து ஒரு கப்டன் வந்திருந்தார். குறிப்பு எடுக்க மூலையில் நான். சுருக்கெழுத்துக்காரிக்குக் காதும் கையும்தான் வேலை, வாய்க்கு அங்கே இடமில்லை. பேச்செல்லாம் ஆங்கிலம், தமிழில் சொல்கிறேன். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எல்லாரிடமும் கப்டன் கேட்ட ஒரு கேள்வி: "கடலில் எப்போதாவது விபத்து நடந்திருக்கிறதா?" டொமினிக் அண்ணைக்கு முந்திய ஏழு பேரும் ஒரே குரலில் "இல்லை, சேர்" என்றார்கள்.

டொமினிக் அண்ணை நிமிர்ந்து நின்று தொடங்கினார். "கூடாத காலநிலையில் லோஞ்சு..." அதோடு நின்றுவிட்டார். சொல்லுங்கோ அண்ணை, ஒரு சொல்தானே மிச்சம் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"சேர், மூதூர் லோஞ்சைக் கவிழ்த்த ஆள் நான். இறந்துபோன பெண் அசனா."

கப்டன் பேனையைக் கீழே வைத்தார். "அந்தக் காலநிலையில் ஏன் புறப்பட்டீர்கள்?"

"லோஞ்சில் இருந்தவர்கள் அவசரப்பட்டார்கள், சேர்."

"யார் அவர்கள்?"

டொமினிக் அண்ணை கப்டனையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. பென்சிலை வைத்துவிட்டு எழும்பினேன்.

"சேர், நான் அந்த லோஞ்சில் இருந்தேன். எல்லாரையும் விடக் கூடக் கத்தியது நான்தான். அவர் பொறுக்கச் சொன்னார். நான் அவரைப் பயந்தவர் என்றேன்."

"சுருக்கெழுத்துக்காரியும் விண்ணப்பம் போட்டிருக்கிறாரா?" என்று கேட்டார் கப்டன். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அவர் என்னை விட்டுவிட்டு டொமினிக் அண்ணையைப் பார்த்தார். "இவர் சொல்வது உண்மையா?"

"கத்தியது உண்மை, சேர். ஆனால் எஞ்சினை ஓட்டிய ஆள் நான்."

கப்டன் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தைக் காட்டினார். பிறகு கேட்டார்: "நாளைக்கும் காற்று மாறுகிறது. இந்த மிஸ் உங்கள் படகில் ஏறி, போகத்தான் வேண்டும் என்று கத்துகிறார். என்ன செய்வீர்கள்?"

அதற்கு நான் பதில் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. டொமினிக் அண்ணை அப்போதுதான் முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"ஷீ வில் பீ லேட், சேர்," என்றார். மிஸ் பிந்தித்தான் போவார், சேர்.

கப்டன் பட்டியலை இழுத்து அவர் பெயருக்கு எதிரே சரி போட்டார். "அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மிஸ்," என்றார் என்னிடம். எழுதினேன். பின்னேரம் தட்டச்சு அடிக்க எடுத்தபோது அந்த ஒரு வரியை மட்டும் என்னாலேயே வாசிக்க முடியவில்லை, அவ்வளவு கிறுக்கல். வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை.