எண்ணெய்க் கறை

வெள்ளைக் கையுறை மாட்டிய விரல்களால் அந்தப் பழைய தபால் உறையைத் தூக்கிக் காட்டினார் மில்டன் பர்விஸ். "நல்லாப் பாத்துக்கங்க. டில்மன் தன் சொந்த நாக்கால நக்கி ஒட்டினது!"

அமெரிக்க மாநிலமான அயோவாவின் ஒரு தேவாலயத்து நிலவறையில் சாப்பாட்டுத் தட்டுகளோடு கூடியிருந்த டில்மன் வாசகர் சங்கத்தார் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் கிளைட் மூக்கை அதோடு ஒட்டி முகர்ந்தே பார்த்துவிட்டார். ஆர்டிஸ் கையிலிருந்த சாஸில் ஊறிய பன்றி விலா எலும்பைத் தட்டில் போட்டாள்.

டில்மனின் கௌபாய் நாவல்கள் ஒரு காலத்தில் பெட்ரோல் பங்கில்கூடக் கிடைத்தன. அவர் செத்ததும் இவர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, பிணத்தைச் சுற்றுவதுபோல் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

அவள் வந்தது ஒரே ஒரு கடிதத்துக்காக. கணவன் வெர்ன் லாரி மெக்கானிக். டில்மன் நாவல் ஒன்றில் பாதியிலேயே நாய் சுடப்பட்டு விழ, அதற்குமேல் பக்கத்தைப் புரட்ட அவனுக்கு மனம் வரவில்லை. நாய் பிழைக்குமா என்று எழுத்தாளருக்கே எழுதிக் கேட்டுவிட்டான். 'பிழைக்கும். தைரியமாகப் படியுங்கள்' என்று பதில் வந்தது. லாரிக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கையோடு அப்படியே எழுந்து வந்து பிரித்தான். மூலையில் அவன் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது, ஒவ்வொரு ரேகையும் தெரிய. வெர்ன் போய்விட்டான். அவன் உடம்பு பட்டதென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். சங்கத்து மலரில் அச்சடிக்க வேண்டும் என்று பர்விஸ் நச்சரித்ததால் போன மாதம் கொடுத்திருந்தாள்.

"ஆர்டிஸ், உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்!" பர்விஸ் கடிதத்தை நீட்டினார். வெளுத்த துணிபோல் இருந்தது. "மூலையில கண்றாவியா ஒரு கறை இருந்துச்சே? மருந்துல ஊறவெச்சு எடுத்துட்டேன். காசெல்லாம் வேணாம்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆர்டிஸ் வெறும் மூலையையே பார்த்தாள். "அது வெர்னோட விரலு."

"விரலா? வெறும் பிசுக்குங்க அது! இப்ப இதோட மதிப்பே வேற."

அவள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த நாய் எப்படிப் பிழைச்சுது, மில்டன்?"

"எந்த நாய்?"

கிளைட் கெக்கலித்தார். "அவன்கிட்டயா கேக்குற? அந்தப் புத்தகம் ஏழு வெச்சிருக்கான். ஒண்ணையும் தொறந்ததில்ல. தொறந்தா புத்தகத்தோட முதுகு விட்டுடுமாம்!"

"பின்ன, முதல் பதிப்பப் போய் எவனாவது படிப்பானா?" என்றார் பர்விஸ், பெருமையாக.

ஆர்டிஸ் மேசையில் கண்காட்சிக்கு வைத்திருந்த அந்த நாவலின் பிரதியை எடுத்து, பிளாஸ்டிக் உறையை உருவிப்போட்டு, நடுவில் விரித்தாள். முதுகு படக்கென்றது.

"ஐயோ! கையில சாஸ்! தொடைச்சிட்டுத் தொடுங்க!"

"வெர்னும் தொடைக்கல."

நாய் விழும் பக்கத்தைத் தேடிப் பிடித்து, அதன் மூலையில் கட்டைவிரலை வைத்து, எண்ணெய் ஊறும்வரை அழுத்தினாள். பிறகு உரக்கப் படிக்கத் தொடங்கினாள். பர்விஸ் நாற்காலியில் சரிந்தார். மற்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். நாய் நொண்டிக்கொண்டே எழுந்து நிற்கும்வரை படித்தாள்.

அப்புறம் அந்த வெளுத்த கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டு, கட்டைவிரலைச் சப்பியபடி படியேறிப் போனாள்.