கொதி அடங்கும் வரை

மலையடி ஊரான முந்தலைத் தாண்டும்போது நடுவில் நின்ற இஞ்சின் சூடு காட்டும் முள், பாதி மலை ஏறுவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஜக்கையன் பார்த்தான், பார்த்தும் நிறுத்தவில்லை. முள் நடுவைத் தாண்டி ஏறினால் வண்டியை ஓரங்கட்டி ஆறப்போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் பின்சீட்டில் ஆயம்மாள் இருந்தாள். சிலமலைக்காரி. மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் காவலுக்கு இருந்த அவள் புருஷன் மொக்கையன் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடப்பதாக மத்தியானம்தான் ஆள் வந்து சொன்னான். போடி ஆஸ்பத்திரிக்கு இறக்க வேண்டும். அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து, ரேடியேட்டரில் தண்ணீர்கூடப் பார்க்காமல் வாடகை அம்பாசடரைக் கிளப்பியிருந்தான். எழுபத்தெட்டாம் வருசத்துப் பங்குனி வெயில் வேறு.

அடுத்த வளைவில் பானெட் இடுக்கெல்லாம் ஆவி கிளம்பியது. இறங்கித் திறந்தான். டிக்கியில் கிடந்த கேனில் அடித்தண்ணீர் கொஞ்சம் இருந்தது.

"இத ஊத்திட்டு வெரசாப் போயிரலாம்க்கா." துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கை வைத்தான்.

ஆயம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி தளரவில்லை.

"தெறந்துராத அப்பு. உள்ள கொதிக்கிற சத்தம் கேக்குதுல்ல."

"அங்க மாமா கெடக்காரேக்கா."

"கெடக்காருதான். ஒம் மூஞ்சி வெந்துபோனா அவர யாரு எறக்குறது? ஆறட்டும்."

தாமதத்துக்கு அவனை ஏசிய சவாரிகள் எத்தனையோ. பொறு என்று கையைப் பிடித்தவர் ஒருவருமில்லை. அதுவும் யாருக்கு அவசரமோ அவளே. அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். அவள் உட்காரவில்லை. மேல்சரிவைப் பார்த்தபடி நின்றாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

களையெடுத்துவிட்டு இறங்கிய பெண்களோடு ஒரு ஜீப்பு வந்து நின்றது. விசயம் தெரிந்ததும், தூக்குவாளிகளில் மிஞ்சிய குடிதண்ணீரை ஒவ்வொருத்தியாகக் கேனில் சாய்த்தார்கள்.

"குடிக்கக் கொஞ்சம் வச்சுக்கங்கம்மா," என்றான் ஜக்கையன்.

"கீழ போறவகளுக்கு எதுக்குண்ணே," என்றாள் கருத்தம்மா என்பவள். "ஏறுறவகளுக்குத்தான வேணும்."

கொதி அடங்கியபின் மூடியைக் கால்வாசி திருகி, மிச்ச ஆவியைப் போகவிட்டுத் திறந்தான். இஞ்சினை ஓடவிட்டு, நூல் பிடித்ததுபோல் தண்ணீர் ஊற்றினான். மூடியைத் திருகி இறுக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"நீங்க பிடிக்கலைன்னா எங் கண்ணு போயிருக்கும்க்கா."

"வண்டிய எடு அப்பு."

இருட்டுவதற்குள் மொக்கையனைப் பின்சீட்டில் படுக்கவைத்து மலை இறங்கினார்கள். முந்தலில் அவர் கண்திறந்து, "டீத்தண்ணி," என்றார்.

ஜக்கையன் ஓடிப்போய் வாங்கிவந்தான். புருஷன் தலையை மடியில் ஏந்தி, ஆயம்மாள் டீயை ஒரு கிளாசிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாற்றி மாற்றி ஆற்றினாள். மலைக்காற்றில் ஆவி கதவுக்கு வெளியே சாய்ந்து சாய்ந்து போனது.