நீல முடி அத்தை

குருநாதனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். அவன் வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருத்தராவது, "இந்தப் படத்துல இருக்கிற பொண்ணு யாரு, வரைஞ்சது யாரு?" என்று கேட்க வேண்டும். கேட்டால் மூச்சு விடாமல் பேசுவதற்கு அவனிடம் சரக்கு இருந்தது. அரியலூரும் பெரம்பலூரும் பிரிந்து, மறுபடி சேர்ந்து ஒரே மாவட்டமாகக் கிடந்த காலம் அது. அவ்வளவு பெரிய மாவட்டத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவன் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தான். ஊர்ப் பையன்கள் பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள், முதலாளி மூலைக் கம்ப்யூட்டரில் ஜப்பான் பார்த்துக்கொண்டிருப்பான். ஜப்பான் கார்ட்டூன் தொடர்களில் வருகிற பெரிய கண் பெண்களை நவீன ஓவியர்கள் தங்கள் போக்கில் வரைந்து, கொஞ்சம் பிரதிகள் மட்டும் அச்சடித்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் நம்பரும் கையெழுத்தும் போட்டு விற்பார்கள். அவற்றைச் சேர்ப்பதுதான் அவன் பைத்தியம். அவன் அதைக் கலெக்ஷன் என்பான். அவன் அம்மா செல்வம்மாள் காலண்டர் என்பாள்.

படங்கள் சிங்கப்பூர் நண்பன் மூலம் அட்டைக் குழாயில் சுருண்டு வரும். குருநாதன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பிரிப்பான். ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர் அவனிடம் பிச்சை வாங்க வேண்டும். பெற்ற தாயையே, "மூச்சு படும், தள்ளி நில்லும்மா" என்று சொன்னவன் அவன்.

இருந்ததிலேயே உசத்தியான படத்தை மட்டும் சட்டம் போட முடிவு செய்தான். இடுப்புக்கு மேல் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். நீல முடி. முகத்தில் பாதி சாயமாகக் கரைந்து கீழே வழிகிறது, பின்னால் கிழிந்த செய்தித்தாள்கள். கடைத்தெருவில் சட்டம் போடுகிற தர்மனிடம் அதைக் கொடுத்து, எங்கே தொடக்கூடாது என்று வகுப்பு எடுத்துவிட்டு, வேலையாகத் திருச்சிக்குப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் வந்த சம்பந்தங்கள் எல்லாம், "சென்டர்ல கதவு போட்ட கேபின் இருக்குதா?" என்று விசாரித்துவிட்டு எழுந்து போயிருந்தன. தா.பழூர் தங்கசாமியின் மகள் இலக்கியாதான் பெண். பெண் பார்க்கப் போனபோது காபியை நீட்டிவிட்டு, "உங்க சென்டர்ல ஹெட்போன் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு. குருநாதனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. இந்தப் பெண் இல்லையென்றால் வேறு யாரும் வேண்டாம் என்று வீட்டில் சொல்லியும் விட்டான்.

திருச்சி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தவனுக்கு உயிரே போய்விட்டது. கூடத்துச் சுவரில் நீல முடிப் பெண் தொங்கினாள். கண்ணாடி மேல் சந்தனம், குங்குமப் பொட்டு. சட்டத்தைச் சுற்றிச் சந்தன மாலை. தலைக்கு மேல் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்தது.

பிற்பாடு தர்மனிடம் போய்ச் சண்டை போட்டபோது, தர்மன் துளியும் அசரவில்லை. "கல்யாணப் படம்னா ரெண்டு பேரு இருப்பாங்க. சாமின்னா நாலு கை இருக்கும். ஒத்தப் பொண்ணு, அதுவும் சின்னப் பொண்ணு, சிரிக்கவும் இல்ல. வேற என்னான்னு சார் நெனைக்கிறது? பாவமேன்னு பல்பை நானே போட்டேன், அதுக்குத் தனியா வாங்கல" என்றான்.

படத்தை மாலையும் பல்புமாகவே கடையிலிருந்து வாங்கி வந்து மாட்டியது குருநாதனின் அப்பா சாமிதுரை. குருநாதன் அதைக் கழற்றச் சொல்வதற்குள் தா.பழூர் கார் வாசலில் நின்றுவிட்டது. உள்ளே வந்த தங்கசாமி படத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாருங்க இது?" என்றார்.

குருநாதன் ஏங்கிக் கிடந்த கேள்வி. நேரம் மட்டும் தப்பு. கார்ட்டூன் பொம்மைக்கு மாலை போட்டு பல்பு எரிக்கிற குடும்பம் என்று தெரிந்தால் கார் வந்த வழியே போய்விடும், இலக்கியாவும் போய்விடுவாள். பேசியது சாமிதுரைதான்.

"என் தங்கச்சிங்க. பாப்பாயி. பாவாடை சட்டை போட்ட வயசுலயே காய்ச்சல்ல போயிடுச்சி."

அப்படி ஒரு தங்கை இருந்ததும் நிஜம், போனதும் நிஜம். ஒரு போட்டோ கூட இல்லை என்பதும் நிஜம். சம்பந்தத்தைக் காப்பாற்ற சாமிதுரை சொன்ன பொய், அந்த முகம் ஒன்றுதான்.

"முடி ஏன் நீலமா இருக்குது?"

"பழைய போட்டோங்க. கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணப்ப கலர் மாறிப்போச்சி."

அந்த நாளில் கம்ப்யூட்டர் என்று சொன்னால் எதையும் நம்புவார்கள். வழிந்த சாயத்துக்கு மழையில் நனைந்தது என்று காரணம் வந்தது. கண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் சாமிதுரையே முந்திக்கொண்டு, "பெரிய கண்ணு எங்க வம்சத்து வாகுங்க" என்றார். தங்கசாமி குருநாதனின் கண்ணை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். மரியாதைக்காகப் படத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கசாமிக்குப் பரம திருப்தி. கன்னியாகச் செத்துப்போன பெண்தான் பூவாடைக்காரியாக இருந்து வீட்டைக் காப்பவள், கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படைத்து உத்தரவு வாங்க வேண்டும். பல வீடுகளில் அதற்குச் சொம்பும் மஞ்சளும்தான். இங்கே முகமே இருக்கிறது. "படையலைப் போட்டுட்டுத் தேதி குறிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படையலன்று பாவாடை சட்டைத் துணி, பொங்கல், சுழியம், பூ எல்லாம் படத்துக்குக் கீழே இருந்தன. கற்பூரம் காட்டியதும் தங்கசாமியின் அக்கா குஞ்சம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. ஜப்பானில் பிறந்த பெண் சுத்தமான தா.பழூர்த் தமிழில் பேச ஆரம்பித்தாள்.

"கண்ணாடிக்குள்ள மூச்சு முட்டுதுடா."

கண்ணாடியைக் கழற்றினார்கள். குருநாதன் ஒரு அடி முன்னால் வைத்தான், செல்வம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கையுறை இல்லாமல் அவன் தொட்டிராத காகிதத்தில் குஞ்சம்மாள் ஐந்து விரலாலும் மஞ்சளைக் குழைத்து அப்பினாள். குங்குமம் வைத்தாள். பென்சில் கையெழுத்துக்கு மேல் விபூதி பூசினாள். குருநாதன் கண்ணை மூடிக்கொண்டான். இலக்கியா, இலக்கியா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றான். சுற்றி இருந்தவர்கள் அதை பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

"எனக்கு வளையல் எங்கடா அண்ணே?"

அதற்குத்தான் சாமிதுரை உடைந்துபோனார். "வாங்கியாரேம்மா, அன்னிக்குச் சொன்ன மாதிரி சிறுவாச்சூரு கடையிலயே வாங்கியாரேன்" என்று தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். குருநாதன் அப்பா அழுது பார்த்ததே இல்லை. படம் பாழாய்ப் போனதற்காகத் தானும் அழலாம் என்று இருந்தவன், வாயை மூடிக்கொண்டான்.

கல்யாணம் நடந்தது. வந்த வாரத்திலேயே இலக்கியா படத்தருகே விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க அத்தை சட்டையில ஜப்பான் எழுத்து இருக்குதுங்களே" என்றாள். குருநாதன் விளக்கைக் கையில் வாங்கப் பார்த்தான். "பயப்படாதீங்க, என் தம்பி பார்க்கிற கார்ட்டூன்ல இந்தச் சட்டைய நான் பார்த்திருக்கேன். மாமாகிட்ட மட்டும் சொல்லிக்க வேணாம்" என்று விளக்கை வைத்துவிட்டுப் போனாள். அந்த நிமிஷம்தான் அவன் நிஜமாகக் கல்யாணம் ஆனவன் ஆனான்.

சாமிதுரை ஆடி மாதத்துக்கு ஆடி மாதம் கண்ணாடி வளையல் வாங்கி வந்து படத்து ஆணியில் மாட்டினார். காலையில் பேப்பர் படித்துவிட்டு விலைவாசியைப் படத்திடம் சொன்னார். முதலில் பொய்யாகச் சொன்னவருக்கு, எப்போது என்று தெரியாமல், அது பாப்பாயியாகவே ஆகிவிட்டது. ஒருநாள் குருநாதன் இன்னொரு குழாயைப் பிரித்துக் கூடத்தில் மாட்டலாமா என்று யோசித்தான். செல்வம்மாள், "வேணாம்டா. ஒரு வூட்டுல எத்தனை பொண்ணுதான் செத்துருக்கும்?" என்றாள்.

மாவட்டம் மறுபடி இரண்டாகப் பிரிந்த வருஷம் பெங்களூரிலிருந்து மகேஷ் வந்தான். இன்டர்நெட்டில் குருநாதனோடு படங்களைப் பற்றியே பேசிப் பழகியவன், பெரிய கலெக்டர். நீல முடியை வரைந்த ஜப்பான்காரர் அதற்குள் உலகப் புகழ் ஆகிவிட்டார். மஞ்சள் அப்பிய சமாசாரத்தை அவனிடம் சொல்லக் குருநாதனுக்கு வெட்கம். இப்போது அவனே நேரில் வந்து கூடத்தில் நின்றான்.

மகேஷ் படத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். பிறகு மெல்ல, "இந்த மஞ்சள் லேயர் யார் பண்ணது? ஜப்பான் கார்ட்டூன், மாடர்ன் ஆர்ட், அது மேல நம்ம ஊர்ச் சடங்கு. வரைஞ்சவருக்கே இந்த தைரியம் வராது" என்றான். பாழாய்ப் போனது என்று குருநாதன் நினைத்திருந்தது இன்றைக்கு ஒஸ்தியாகிவிட்டது. "என்ன வேணும்னாலும் கேளுங்க, நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

சாமிதுரை நாற்காலியிலிருந்து எழுந்தார். படம் மகன் காசில் வாங்கியது, தடுக்க உரிமை இல்லை என்று அவருக்குத் தெரியும். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, ஆணியில் தொங்கிய வளையல்களைச் சரி செய்தார். மகன் முகத்தை மட்டும் பார்த்தார்.

மகேஷ் திரும்பி, "கேக்கவே மறந்துட்டேன். இவ யாரு? எந்த சீரிஸ்?" என்றான்.

இத்தனை வருஷம் எந்தக் கேள்விக்காக ஏங்கினானோ அது. சேர்த்து வைத்திருந்த பேச்சு முழுக்கத் தொண்டை வரை வந்தது: ஓவியர் பெயர், தொடரின் பெயர், அச்சடித்த விதம், பென்சில் நம்பர். கேட்கிற ஆளும் புரிகிற ஆள். குருநாதன் அப்பாவின் கையைப் பார்த்தான். வளையல் மேலேயே அது நின்றிருந்தது.

"சீரிஸ் எல்லாம் இல்லீங்க. எங்க அத்தை. பாப்பாயின்னு பேரு. சின்ன வயசுலயே போயிட்டாங்க."

மகேஷ் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"கிட்டப் போய்ப் பார்க்கறதுன்னா பாருங்க, ஷூவ மட்டும் கழட்டிடுங்க" என்றான் குருநாதன்.

மகேஷ் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தான்.