மைக் ஸ்டாண்டில் தொங்கிய மாலை

எங்கள் பேண்டின் பெயர் ‘கடைசி ஷேர் ஆட்டோ’. படூரில் தேஜஸின் ஃபிளாட்டில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய படுக்கையறைதான் ஸ்டுடியோ. தேஜஸ் கிட்டாரும் பாட்டும், ஷபானா கீபோர்டு, ஸ்டான்லியாகிய நான் டிரம்ஸ். மூவருக்கும் பகலில் ஐ.டி. உத்தியோகம்.

முதல் ஆல்பம் ‘ஜாதகம் சேரவில்லை’. தேஜஸ் பெண் பார்க்கப் போன வீடுகள் ஏழு, பாட்டும் ஏழு. ஏழு வீட்டிலும் அவனை வேண்டாம் என்றார்கள். அந்த வயிற்றெரிச்சலை ஏழு எண்ணித் திரும்பும் தாளத்தில் போட்டுத் தாக்கினோம். கடைசிப் பாட்டு மட்டும் இருபத்திரண்டு நிமிடம். யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று பயந்தோம். கேட்டார்கள். பெங்களூர் மேடையில், “பையன் சத்தமா வாசிப்பானாமே” என்று ஏழாவது வீட்டு மாமா சொன்ன வசனத்தைக் கூட்டமே சேர்ந்து பாடியது. என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

எட்டாவது வீட்டில் மேக்னா சரி என்று சொல்லித் தொலைத்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு தேஜஸ் எழுதிய முதல் பாட்டு, அவள் போடும் காபியைப் பற்றி. அடுத்தது பால்கனியில் துளிர்விட்ட கறிவேப்பிலைச் செடி. அதில் நான்கு பாகங்கள் வேறு.

“இன்னா மச்சான் இது, கல்யாணப் பத்திரிகையாட்டம் கீது?” என்றேன்.

“சந்தோஷமா இருக்கேண்டா. என்ன பண்ணச் சொல்ற?” என்றான், ஏதோ வியாதி வந்தவன் மாதிரி.

அப்போதுதான் மைக் ஸ்டாண்டில் தொங்கிய மாலை என் கண்ணில் பட்டது. கல்யாணம் ஆகாதவர்கள் திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் மாலை போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றி, அதை வீட்டில் வைத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் ஜோடியாகப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். தேஜஸின் மாலை சருகாகி, நான் டிரம்ஸ் அடிக்கும்போதெல்லாம் உதிரும். முதல் ஆல்பம் முழுக்க அதன் முன்னால் நின்றுதான் பாடினான்.

“ராசி அதுலதான் கீது. அடுத்த ஆல்பம் முடியற வரிக்கும் குடுக்காத” என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான்.

மேக்னா மாதாமாதம் கேட்டாள். அடுத்த மாதம் என்றோம். வருஷம் ஓடியது. பாட்டும் வரவில்லை, மாலையும் போகவில்லை. வேறு பேண்டில் கூப்பிடுகிறார்கள் என்று ஷபானா ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். பேண்டை விட்டால் எனக்கு ஆபீஸும் இ.எம்.ஐ.யும்தான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேக்னா ஸ்டாண்டோடு மாலையைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்தாள். “இன்னிக்குக் கோயிலுக்குக் கெளம்பலன்னா, ரெண்டும் சேர்ந்து குப்பைக்குப் போயிடும்.”

நான்தான் கார் ஓட்டினேன். கோயில் வாசலில் தேஜஸ் மாலையைக் கையில் எடுத்ததும், மேக்னா தன் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். உள்ளே இன்னொரு மாலை. முக்கால்வாசி தூளாகிவிட்டிருந்தது.

“இது யாரோடது?” என்றான் தேஜஸ்.

“என்னோடதுதான். நீ எதுவும் கேட்கல, நானும் சொல்லல.” அவள் குரல் உயரவேயில்லை. “ஏழு பேர் வேணாம்னாங்கன்னு நீ ஊரக் கூட்டிப் பாடிட்ட. என்னை வந்து பார்த்தது பதினோரு பேர். பத்து பேர் வேணாம்னாங்க. ஒருத்தர் என்னை நடந்து காட்டச் சொன்னார். ஒருத்தர் ரெண்டாவது தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டுட்டு, பொண்ணு குள்ளம்னு போன்ல சொன்னார். அடுத்த வாரம் நான் மறுபடியும் கேசரி கிண்டினேன்.”

தேஜஸுக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்கும் அவமானமாக இருந்தது. ஆனால் பாழாய்ப்போன விரல்கள் அதற்குள் கார் கதவில் பதினொன்று எண்ணித் தட்டத் தொடங்கிவிட்டன. மேக்னா அதைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணா, தட்டறது சரி. ஆனா எழுதப்போறது நான், பாடப்போறதும் நான்.”

இரண்டு மாலைகளையும் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இரண்டாவது ஆல்பத்தின் பெயர் ‘கேசரி’. ஷபானா எங்கேயும் போகவில்லை. பதினோராவது பாட்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் காபியை ஆறவிட்டு, தன் முதல் ஆல்பத்தைப் பற்றி மட்டுமே பேசிவிட்டுப் போன ஒருவனைப் பற்றியது. அது இருபத்துமூன்று நிமிடம். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சுரம் பிசகாமல் தேஜஸ் அதற்கு கிட்டார் வாசித்தான்.