ஒரு விரல் வலப்பக்கம்

அந்தப் பாட்டை அவள் ஒருமுறைகூட முழுசாகக் கேட்டதில்லை. நான்கு மாதமாக வீட்டில் அதே பாட்டுதான், அதிலும் முதல் நாற்பது நொடிதான். ஒரு பெண் தனியாகப் பாடுவாள், பின்னால் ஒரே ஒரு வயலின். குரல் மேலே ஏறி மூச்சு எடுக்கிற இடம் வந்ததும் கணவர் போனைத் தொட்டு நிறுத்திவிடுவார். "இப்ப சொல்லு, குரல் எங்கேருந்து வருது?" என்பார். பாவம் அந்தப் பாடகி, நான்கு மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

கணவருக்கு வீட்டில் அளவுக்காரர் என்று பெயர். மகள் பத்து வயதில் வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. படம் மாட்ட ஒரு ஆணி அடிப்பதற்குக்கூட ரசமட்டம் வைத்துப் பார்க்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஒரு ஆலையின் கம்ப்ரஸர் அறையில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் நின்றால் எங்கே கோளாறு என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று அங்கே பேர். அந்தப் பேரை அவர் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவளும் அதை நம்பினாள், அதுதான் கதையே.

ஓய்வு பெற்ற மறு மாதம் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. இணையத்திலிருந்து பாட்டை இழுத்துத் தரும் ஸ்ட்ரீமர் ஒன்று, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் ஒன்று, இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். முதல் மூன்று வாரம் பாட்டு திக்கித் திக்கி வந்தது. வைஃபை போதவில்லை என்று ரௌட்டரிலிருந்து ஹால் வரை சுவரோரமாக ஒயர் இழுத்தார். திக்கல் நின்றது. சாதாரண மனிதன் என்றால் அத்தோடு சாய்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பான். இவர் ஹாலிலிருந்து சோபாவை வெளியேற்றினார். தரையில் வெள்ளை டேப் ஒட்டி, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டார். அந்த இடத்தில் உட்கார்ந்தால் குரல் நட்டநடுவில், பாடகி எதிரே நிற்பது போலக் கேட்க வேண்டுமாம்.

ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை, அவளை உட்கார வைத்தார்.

"என் காது மெஷினோட போச்சு. ரிட்டயர் ஆகறப்ப டெஸ்ட் எடுத்தாங்களே, தெரியாதா உனக்கு? உன் காதுதான் காது. தங்கக் காது," என்றார்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவளுடைய எதையும் அவர் தங்கம் என்று சொன்னதில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் கைப்பையோடு போய் அந்த நாற்காலியில் உட்காருவாள். அலுப்புதான். ஆனால் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருப்பாரே, அது அவளுக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல அவள் வெட்கப்படுவாள், நான் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் முன்பதிவு மேசையில் இருந்தாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை போன். ரிசீவரை இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வலது கையால் எழுதுவாள். அந்த மாதம் மூன்றாம் தேதி காலையில் ரிசீவரை வைத்ததும் எதிர்முனையில் யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. போன் பழசு என்று நினைத்து வலது காதுக்கு மாற்றினாள், கணீரென்று கேட்டது. தோளை மாற்றி இடுக்கினால் எழுத வரவில்லை. அன்று இரண்டு பேருக்கு ஒரே நேரத்தை எழுதிவைத்துத் திட்டு வாங்கினாள்.

சாயந்திரம் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்பது நொடி ஓடியது.

"எங்கேருந்து வருது?"

"நடுவுல இல்லீங்க. கொஞ்சம் வலது பக்கம்."

"எவ்வளவு?"

"ஒரு விரல்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தால் அவருக்கு என்ன வேலை? கோடு போட்ட நோட்டை எடுத்துத் தேதி போட்டு, 'குரல் ஒரு விரல் வலப்பக்கம்' என்று எழுதினார். இடது ஸ்பீக்கரின் சத்தத்தை இரண்டு டெசிபல் ஏற்றினார்.

ஐந்தாம் தேதி அது நான்கு விரல் ஆனது. ஏழாம் தேதி, "ஸ்பீக்கர்கிட்டயே போயிடுச்சுங்க" என்றாள். அவர் இடது பக்கச் சத்தத்தை இன்னும் ஏற்றினார், ஒயரை மாற்றினார். இடது ஸ்பீக்கரை வலதுக்கும் வலதை இடதுக்கும் தூக்கி வைத்தார். அப்போதும் குரல் வலப்பக்கமே நின்றது. ஸ்பீக்கரை மாற்றிவைத்தும் கோளாறு இடம் மாறவில்லை என்றால் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை. ஆலையில் இதைப் புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தவர் அவர். இங்கே அவர் கைவைக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"காது அடைச்ச மாதிரியே இருக்குங்க, பஞ்சு வச்ச மாதிரி," என்று அவள் சொல்லத்தான் செய்தாள்.

"அடைக்கத்தான் செய்யும். ஸ்பீக்கர் சுவரை ஒட்டி இருக்கில்ல, கீழ்ச்சத்தம் மூலையில தேங்கும். காதுல அழுத்தற மாதிரி இருக்கும்."

ஸ்பீக்கர்களை ஒன்றரை அடி முன்னால் இழுத்தார். அடைப்பு போகவில்லை. இரண்டு நாள் கழித்து, "ஒரு இரைச்சல் வேற விடாம கேக்குது, பாட்டை நிறுத்தினாலும் கேக்குது" என்றாள். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஃப்ரிட்ஜும் ஆம்பும் ஒரே பிளக் வரிசையில் இருக்கின்றனவாம். ஃப்ரிட்ஜைத் தள்ளிக்கொண்டு போய் வராந்தாவில் வைத்தார். தண்ணீர் பாட்டில் எடுக்க வராந்தாவுக்கு நடக்கும்போதும் அந்த இரைச்சல் அவள்கூடவே வந்தது. மெஷினைப் பற்றி முப்பது வருடம் தப்பே சொல்லாத மனிதர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அளப்பதற்கென்று ஒரு மைக்கும் வாங்கியிருந்தார். அதை நாற்காலியில், அவள் தலை வரும் உயரத்தில் நிறுத்தி அளந்தார். இடது ஸ்பீக்கர் அளவுக்கு மீறிக் கத்துகிறது என்று மைக் பளிச்சென்று காட்டியது. அவர் காதுக்கே அது தெரிந்தது. மைக் மட்டமான சரக்கு என்று பெட்டியில் போட்டு மூடினார். தன் காதையோ அவர் எப்போதோ தள்ளிவைத்துவிட்டார். உண்மையைச் சொன்ன இரண்டையும் ஒதுக்கிவிட்டு அவள் சொல்லை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் ஒருமுறை பெண்டாட்டி பேச்சைக் கேட்டார், அதுவும் இந்த லட்சணத்தில்.

இருபதாம் தேதி அவளுக்கு மண்டை இடி. அவர் மதியம் சாப்பிடாமல் ஸ்பீக்கரைத் திருப்பிக்கொண்டே இருந்திருந்தார், முட்டியில் தரைத் தூசி. அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"நடுவுல வந்துடுச்சுங்க," என்றாள்.

"நிஜமா?"

"நிஜமாத்தான்."

அவர் சின்னப் பையன் போலக் கை தட்டினார். நோட்டில் 'சரியானது' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். அவள் உள்ளே போய் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். அந்தப் பொய்யை நினைத்து அவள் பிற்பாடு தன்னைத்தானே எவ்வளவோ திட்டிக்கொண்டாள். ஆனால் அப்போதே இடது காதுக்கான காலம் முடிந்துவிட்டிருந்தது என்பதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

அடுத்த மாதம் மகள் வந்தாள். ஹாலில் நாற்காலி ஒன்றுதான் என்பதால் அம்மாவும் மகளும் தரையில் உட்கார்ந்தார்கள். மகள் அம்மாவின் இடப்பக்கம் சாய்ந்து, அப்பாவைக் கண்ணால் காட்டி ஏதோ கேலியாகச் சொல்லிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை.

"அம்மா, நான் சொன்னது கேக்கலையா?"

அதற்கும் பதில் இல்லை. மகள் அம்மாவின் வலது காதை உள்ளங்கையால் பொத்தினாள். இடது காதோரம் வாயை வைத்து, "அம்மா, இப்ப கேக்குதா?" என்றாள்.

அவளுக்கு மகளின் மூச்சு மட்டும் கழுத்தில் சூடாகப் பட்டது. மகள் முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் மகளின் கண் கலங்கிவிட்டது. மைக்கும் நோட்டும் ஆறு வாரமாகக் கண்டுபிடிக்காததை ஒரு உள்ளங்கை கண்டுபிடித்தது.

காது டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, அதிர்ந்து பேசாதவர். கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்ற அளவுக்காரர் அந்த ஹெட்போன் எந்தக் கம்பெனி என்று விசாரித்தார். மகள் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். இடது காதுக்கு வந்தபோது அவள் நெடுநேரம் பட்டனை அழுத்தாமலே உட்கார்ந்திருந்தாள்.

"நரம்பு பாதிச்சிருக்கு. எப்பலேருந்து இப்படி?" என்றார் டாக்டர்.

"ஒரு மாசம் இருக்கும்..." என்று அவள் இழுத்தாள்.

"இல்ல டாக்டர், மூணாம் தேதி," என்று அளவுக்காரர் முந்திக்கொண்டு பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார்.

டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு விரல். நான்கு விரல். ஸ்பீக்கர் பக்கத்தில். அடைப்பு. இரைச்சல். ஒவ்வொன்றுக்கும் தேதி, கிழமை, மணி.

"இவ்வளவு சரியா எழுதி யாருமே என்கிட்ட கொண்டு வந்ததில்லை," என்றார் டாக்டர். அளவுக்காரருக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது, முகத்தில் தெரிந்தது. "முதல் ரெண்டு வாரத்துல வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். பல பேருக்குத் திரும்ப வந்திருக்கு. இப்ப நான் உறுதியா எதுவும் சொல்ல முடியாது. இதையெல்லாம் எதுக்காக எழுதினீங்க?"

அவர் சொன்னார். ஸ்ட்ரீமர், ஆம்ப், டெசிபல், நாற்காலி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார்.

"அப்ப... சிஸ்டத்துல ஒரு கோளாறும் இல்ல," என்றார்.

அதை அவர் நிம்மதியாகச் சொன்னார். அந்த நிம்மதி ஒரு நொடிதான் இருந்தது, அடுத்த நொடியே அவர் முகம் செத்துவிட்டது. ஆனால் அந்த நிம்மதிக் குரல் அவளுடைய வலது காதில் தெளிவாக விழுந்துவிட்டது. மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"போடுங்க," என்றாள்.

"இப்ப எதுக்கு..."

"போடுங்கன்னா போடுங்க. நிறுத்தாதீங்க."

அவர் போனை எடுத்தார். "ரெண்டையும் சமமாக் கொண்டு வந்துடவா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி வச்சுக்கோங்க. இனிமே என் காது எதுக்கு உங்களுக்கு?"

பாட்டு ஓடியது. நாற்பதாவது நொடி வந்தது, போனது. பாடகி ஒருவழியாக அந்த மூச்சை எடுத்தாள். அதற்குப் பிறகுதான் பாட்டே இருந்தது. வயலின் முன்னால் வந்தது, குரல் தணிந்து அதன் பின்னால் போனது. நல்ல பாட்டு. இவ்வளவு நல்ல பாட்டு என்று இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்கு அழுகை முட்டியது. எல்லாமே வலப்பக்கத்திலிருந்துதான் வந்தது.

அணைத்து வைத்திருந்த டிவியின் கருப்புக் கண்ணாடியில் அவள் நாற்காலியோடு தெரிந்தாள். அவர் வந்து அவளுடைய இடப்பக்கம் தரையில் உட்காருவதும் அதில் தெரிந்தது. கையை நாற்காலியின் பிடியில் வைத்து, தலையைக் குனிந்து, மெல்லிய குரலில் என்னவோ பேச ஆரம்பித்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழ்நாளில் அவர் சொல்லாததை எல்லாம் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், கேட்டுவிடும்.

அவள் திருப்பவில்லை. பாட்டு முடிகிறவரை அவர் பேசிக்கொண்டிருந்தார்.