கழற்றாத வயர்

லிஃப்டைப் பழுது பார்க்கும்போது கதவுப் பூட்டை ஏமாற்ற ஒரு சின்ன வயர் மாட்டுவோம். அது இருந்தால் கதவு திறந்து கிடந்தாலும் லிஃப்ட் ஓடும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். மூன்று கொண்டுபோனால் மூன்றும் பைக்குத் திரும்ப வேண்டும்.

நான் பத்துத் தடவை எண்ணுவேன். தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து மாடியேறி, மெஷின் ரூமைத் திறந்து மறுபடி பார்ப்பேன். அங்கே மோட்டாருக்குப் பக்கத்தில் நீலச் சட்டையோடு அத்தான் நிற்பார். "எண்ணிட்டியா?" என்பார். எண்ணிவிட்டேன் என்றாலும் விடமாட்டார்.

என்னோடு இதே வேலை பார்த்த அத்தான் செத்து மூன்று வருடம் ஆகிறது. உள்ளே ஒரு கால் வைத்திருந்தார், கதவு திறந்தபடியே லிஃப்ட் நகர்ந்துவிட்டது. வயர் மாட்டுவது வழக்கமாக அவர்தான் என்பதால், அவர்தான் கழற்ற மறந்தார் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். அன்றைக்கு மாட்டியது நான். ஊமைக்கோட்டான் மாதிரி நின்றேன்.

என் எண்ணும் வியாதி முற்றியதும் கம்பெனி ஒரு ஆலோசகரிடம் அனுப்பியது. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, 'என்னால் முடியும்' என்று சொல்லச் சொன்னார் அந்த அம்மா. கண்ணை மூடினால்தானே அத்தான் இன்னும் கிட்டத்தில் வருகிறார்! மூச்சாவது மண்ணாங்கட்டியாவது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு, அக்காவும் அவள் மகளும் நானும் கடைக்குக் கிளம்பினோம். பத்து வயதுக் குட்டி வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். நாலு படி இறங்கினாள். ஏறிப்போய் மறுபடி இழுத்தாள். மூன்றாம் தடவை ஏறப்போனபோது கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"போதும்டி, பூட்டித்தான் இருக்கு."

"உனக்கென்ன மாமா? நானும் அப்பா மாதிரி மறந்துட்டா?"

"தினமும் இதே கூத்துதான்" என்றாள் அக்கா.

என் பேயை நான் மட்டும் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பாவி, அதைக் குழந்தை தலையிலும் ஏற்றியிருக்கிறேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பா மறக்கலடா கண்ணு. அந்த வயரை மாட்டினது நான். கழட்டாம விட்டதும் நான்தான்."

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"மூணு வருஷமா அந்த மனுஷனைத் திட்டிட்டுத்தான்டா படுக்கிறேன். ஒரு வயரைக் கழட்டத் தெரியாம எங்களை இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களேன்னு..."

அக்கா ஏறிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். குட்டியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் நடந்ததை ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பையை ஒப்படைக்கும்போது ஒரே தடவைதான் எண்ணினேன். அத்தான் வரவில்லை. வந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். மணியை அடித்தும் கதவு திறக்கவில்லை. பழைய ஆளாக இருந்தால் அப்போதே ஓடியிருப்பேன். ரொம்ப நேரம் கழித்து உள்ளே குட்டியின் குரல் கேட்டது.

"அம்மா, மாமா இன்னும் போகல."

"நிக்கட்டும்."

நின்றேன்.